இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கூழாங்கல் பாதை

ஒரே நோயாளியை இரண்டு பிரிவுகள் பார்க்கும்போது அவற்றில் ஒன்று முதன்மைப் பொறுப்பை ஏற்க வேண்டும். முதலில் பார்த்த மருத்துவர், தாம் கண்டதை, மற்றவர் நோயாளிமேல் கை வைப்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இது என் சொந்த விதி அல்ல. மைசூரில் என் தங்கை சேர்ந்திருந்த மருத்துவமனையின் வரவேற்பறையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதி. நான் திருச்சியில் மருத்துவத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை எழுதியும், திருத்தியும், மீறியவர்களிடம் விளக்கம் கேட்டும் குடும்பம் நடத்தியவன். ஆகவே அங்கே போனதும் முதலில் சுவரைத்தான் படித்தேன். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவர்கள் நடைமுறையிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

தங்கை பெயர் தனலட்சுமி. வீட்டில் தனம். கல்யாணமாகி மைசூர் வந்தவள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். கணவர் காலமாகி இரண்டு வருஷம். ஒரே மகள் பம்பாயில். அக்ரஹாரத்தில் ஒரு கோவிலுக்குப் பின்னால் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். பல வருஷமாகச் சர்க்கரை, சில வருஷமாக முழங்கால் வலி. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு மருத்துவமனை வந்திருக்கிறது, ஒரு கட்டடத்தில் இங்கிலீஷ் வைத்தியம், பக்கத்துக் கட்டடத்தில் இயற்கை வைத்தியம், முழங்காலைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் பார்க்காமல் முழு மனுஷியாகப் பார்க்கிறார்களாம், துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாள். வேலை இல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது தெருக்காரர்கள் எச்சரித்தார்கள். காவிரிக் கலவரம் நடந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்டோவில் தமிழ் பேசாதே, கைக்கடிகாரம் கட்டாதே, தமிழ்ப் பத்திரிகையை வெளியே எடுக்காதே. கன்னடம் கேட்டால் ஏதோ புரியும், பேச வராது; இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் என் ஆங்கிலத்தைப் பிரயோகித்தேன். அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் கொள்ளேகால் பக்கத்துக்காரர். "தமிழ்லயே சொல்லுங்க சார், எதுக்கு வீணா செரமப்படறீங்க" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் கேட்கிற அதே இழுப்பு.

தமிழில் பேசியதன் பலனாக அவர் என்னை ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். புது ஆஸ்பத்திரி என்று நான் சொன்னதும், அந்த ஊரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது அது ஒன்றுதானாம். "உங்க வயசுக்கு இங்க என்ன சோலின்னு நெனச்சேனுங்க. கேட்டா மரியாதையா இருக்காதேன்னு உட்டுட்டேன்" என்றார். அங்கிருந்து திரும்பும் வழியில் கிளட்ச் கம்பி அறுந்தது. மைசூரின் அகலமான சாலையில், நிழல் மரங்களுக்குக் கீழே, ஒரு ஆட்டோவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நான் ஊருக்குள் பிரவேசித்தேன். திருச்சியில் இந்த நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளந்திருக்கும். இங்கே வியர்க்கக்கூட இல்லை. அதை மட்டும் பாராட்டியாக வேண்டும்.

மருத்துவமனை இரண்டு கட்டடங்கள். இடது பக்கத்தில் இங்கிலீஷ் பிரிவு, வலது பக்கத்தில் இயற்கைப் பிரிவு. இரண்டுக்கும் நடுவே தோட்டம். தோட்டத்துக்குக் குறுக்கே, ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குப் போக இருந்த ஒரே வழி, கூழாங்கல் பதித்த பாதை. வெறுங்காலில் அதன்மேல் நடந்தால் உள்ளங்கால் நரம்புகள் தூண்டப்பட்டு உடம்பு முழுக்க நன்மை என்று பலகை சொன்னது. காலை வேளையில் பெரியவர்கள் பலர் பல்லைக் கடித்தபடி அதன்மேல் நன்மை அடைந்துகொண்டிருந்தார்கள்.

தனத்துக்கு அறை இயற்கைப் பிரிவில். நான் போவதற்கு முந்தின நாள் இங்கிலீஷ் பிரிவில் டாக்டர் நஞ்சப்பா அவளைத் தலை முதல் கால் வரை சோதித்திருந்தார். "காலெல்லாம் பஞ்சு வச்சுப் பாத்தாருண்ணே. ஊசியால குத்திப் பாத்தாரு. புண்ணு ஒண்ணும் இல்ல, பத்திரமா வச்சுக்கங்கன்னாரு" என்றாள். அதற்குப் பிறகு இயற்கைப் பிரிவில் டாக்டர் ரேவதி. சின்னப் பெண், படிப்பை முடித்து நாலைந்து வருஷம் இருக்கலாம். முழங்கால் தவிரக் காலில் வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டிருக்கிறார். தனம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: முழங்காலுக்குக் கீழே ஒரு வலி, ஒரு குடைச்சல் கிடையாது. வகுப்பில் நின்றே பாடம் நடத்திய கால், முள் குத்தினால்கூடத் தெரியாது.

இதை என்னிடம் சொல்லும்போதும் அவளுக்கு அதே பெருமை. வலிக்காத கால் நல்ல கால் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றும் தோன்றவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்கைப் பிரிவில் காலையில் பூசணிச்சாறு. மதியம் உப்பில்லாத காய்களும் முளைவிட்ட பயறும். இரவு பப்பாளி, தனத்துக்கு மட்டும் அதற்குப் பதில் ஒரு சூப். அது மதியக் காய்களை நினைவுபடுத்தும் வெந்நீர். நோயாளிக்கு இதெல்லாம் சரி. துணைக்கு வந்தவனுக்கும் அதே தட்டு, அதே தண்டனை. இங்கிலீஷ் பிரிவின் காண்டீனிலோ நுரை ததும்பும் காபி, மொறுமொறுவென்று வடை, வெண்ணெய் வைத்த செட் தோசை. முதல் நாள் மாலையே கூழாங்கற்களை மிதித்துக்கொண்டு அங்கே போனேன். இயற்கைப் பிரிவின் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. கழுத்தில் துண்டோடு இருந்த ஒரு கனமான மனிதர், என்னைப் பார்த்ததும் வடையை டம்ளருக்குப் பின்னால் நகர்த்தினார். மறுபுறம், இங்கிலீஷ் பிரிவு நர்சுகள் டியூட்டி முடிந்ததும் இந்தப் பக்கம் வந்து கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனார்கள். இரண்டு பிரிவுக்கும் இடையே போக்குவரத்து பலமாகத்தான் இருந்தது. நோயாளியைப் பற்றிய செய்தியைத் தவிர மற்றவையெல்லாம் போய் வந்தன.

மூன்றாம் நாள் காலை தனத்துக்குச் சூட்டுப் பாதக் குளியல். நாற்காலியில் உட்காரவைத்து, கால் இரண்டையும் வெந்நீர்த் தொட்டிக்குள் விட்டு, கழுத்திலிருந்து தரை வரை கம்பளியால் மூடி, தலையில் ஈரத்துண்டு போட்டுவிடுவார்கள். வியர்க்கும்வரை தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான தண்ணீர் சேர்ப்பார்கள். உடை மாற்ற வேண்டியதில்லை என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். பத்திரிகையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குளியல் கொடுத்தது லூர்து மேரி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண், முப்பத்தைந்து வயசிருக்கும். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். அங்கே வழக்கம் என்னவென்றால், தண்ணீர் ஊற்றுகிறவள் நோயாளியைக் கேட்டுக் கேட்டு ஊற்ற வேண்டும். போதும் என்றால் நிறுத்த வேண்டும். சூட்டுக்கு நோயாளியின் வாய்தான் அளவு. எல்லோருடைய கால்களும் பேசும் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட வழக்கம்.

"சாகா டீச்சர்? போதுமா? இன்னும் சொல்ப ஊத்தட்டா?"

"ஊத்து மேரி. வெதுவெதுன்னுகூட இல்ல."

மேரி கம்பளியின் ஓரத்தை விரலளவு தூக்கி, கெட்டிலிலிருந்து ஊற்றினாள். மறுபடி கேட்டாள். தனம் மறுபடி ஊற்றச் சொன்னாள். மேரியின் மகனுக்குப் பின்னக் கணக்கு வரவில்லையாம். அதற்கு ஒரு சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டச் சொல்லி, எப்படிப் பிய்க்க வேண்டும் என்று தனம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு கலகலப்பாக நான் பார்த்து நாளாகியிருந்தது. வியர்வை மட்டும் வரவில்லை. வராததால் மேரி இன்னும் ஊற்றினாள்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கெட்டிலின் மூக்கு கம்பளியில் இடறி, இரண்டு சொட்டு என் பாதத்தில் விழுந்தது. பத்திரிகை ஒருபுறம் பறக்க நான் எழுந்து குதித்தேன்.

தனம் சிரித்தாள். "ரெண்டு சொட்டுக்கா அண்ணே இந்தக் குதி? மூணாங்கிளாஸ் பையன் தோத்தான்."

நான் என் காலைப் பார்த்தேன். காலணா அகலத்துக்கு இரண்டு சிவப்பு. மேரியும் அதைப் பார்த்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கம்பளியைப் பார்த்தோம்.

கம்பளியை விலக்கியது நானா மேரியா என்று நினைவில்லை. தொட்டியிலிருந்து கால்களைத் தூக்கினோம். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என் தங்கையின் கால். கோட்டுக்குக் கீழே வேகவைத்த பீட்ரூட். இடது சுண்டுவிரல் பக்கம் தோல் ஏற்கெனவே மேலே எழும்பியிருந்தது.

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டு, ஈரத்துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தன் காலை யாரோ வேறொருத்தியின் கால்போலப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "வலிக்கலையே" என்றாள். பிறகு அந்தச் சொல்லையே, வேறு குரலில், இன்னொரு முறை சொன்னாள்.

என் வேலையில் எத்தனையோ விபத்து அறிக்கைகள் படித்திருக்கிறேன். தன் கால் வெந்துகொண்டிருக்கும்போது ஒருத்தி பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள் என்று எதிலும் படித்ததில்லை.

மேரி பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து காலில் ஊற்றினாள். பிறகு சக்கர நாற்காலியில் வைத்து இங்கிலீஷ் பிரிவுக்குத் தள்ளினோம். கதவைத் தாண்டினோம், நாலு கஜம் போனோம், சக்கரம் கூழாங்கல்லில் சிக்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு வைத்தியத்தையும் இணைத்துக் கட்டிய மகான்கள், நடக்க முடியாத ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நேரிடும் என்று யோசிக்கவே இல்லை. தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூன்று பேருமாக நாற்காலியோடு தனத்தைத் தூக்கினோம். நரம்பு தூண்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒருவர் "செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும்" என்று கன்னடத்தில் எனக்கு நினைவூட்டினார்.

இங்கிலீஷ் பிரிவில் நர்ஸ் தனத்தின் காலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஆனால் நோயாளி இயற்கைப் பிரிவில் சேர்ந்தவர். அங்கிருந்து மாற்றுச் சீட்டு வேண்டும், டாக்டர் ரேவதியின் கையெழுத்து வேண்டும். டாக்டர் ரேவதி எங்கே? யோகக் கூடத்தில். மௌன வேளை, கதவு உள்ளே தாழ். வெளியே, மணி அடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். மேரி அங்கே ஓடினாள்.

நான் நர்ஸிடம் வரவேற்பறை விதியைச் சொன்னேன். வரி பிசகாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. "அது வந்து போகிறவர்கள் படிப்பதற்காக மாட்டியது, சார்" என்றார்.

நான் அப்போது குரலை உயர்த்தியிருக்க வேண்டும். டாக்டர் நஞ்சப்பாவே அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். சீட்டு எதுவும் கேட்கவில்லை. தரையில் மண்டியிட்டு, தனத்தின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஐம்பது வயசு மனிதர், வெள்ளைக் கால்சட்டை. "இந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லையே. இதற்கு யார் வெந்நீர் கொடுத்தது?" என்று கேட்டார்.

பதில் வாசலில் நின்றது. மேரியோடு மூச்சிரைக்க வந்திருந்த டாக்டர் ரேவதி.

அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. ஒரே பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர் எழுதியிருந்த இரண்டு டாக்டர்கள் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். "நீங்கள்தானா ரேவதி?" என்றார் அவர். அந்தப் பெண் தலையசைத்தார். மூன்று வருஷமாக இருவருக்கும் அங்கேதான் வேலை. அவர் கூழாங்கல்லில் நடந்ததில்லை, இவர் காண்டீனுக்குப் போனதில்லை.

"பரிசோதித்து எழுதி வைத்திருந்தேன்" என்றார் நஞ்சப்பா.

"எங்கே? உங்கள் அலமாரியிலா?" என்றார் ரேவதி. சொன்ன வேகத்திலேயே அடங்கிவிட்டார். தனத்தின் பக்கத்தில் குனிந்து, கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்களைக் கேட்டேன் டீச்சர். காலைக் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்."

கட்டுப் போட்டு முடித்ததும் நஞ்சப்பா என்னை ஓரமாக அழைத்துப்போனார். வலி இல்லாதது நல்ல செய்தி அல்ல, சர்க்கரைக் காலில் தீக்காயம் ஆறுவது கடினம், சீழ் பிடித்தால் விரல் போகும், விரலோடு நிற்காமலும் போகலாம் என்றார். பாதம் தங்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல மாட்டேன் என்றார். திருச்சியில் எங்கள் டாக்டர்கள் "ஒண்ணும் ஆகாது, போங்க" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லாதது எனக்குப் பயமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

மறுநாள் நிர்வாகியைப் பார்த்தேன். கழுத்தில் டை கட்டிய இளைஞர். வருந்துவதாகச் சொன்னார், மேரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் ஆறுதல் போலச் சொன்னார். இந்த வேகத்தை எங்கள் இலாகாவிலேயே பார்த்திருக்கிறேன். யார் கையில் கெட்டில் இருந்ததோ அவர்தான் குற்றவாளி. அறைக்கு வந்து தனத்திடம் சொன்னேன். அவள் நிர்வாகியையே வரவழைத்தாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, வகுப்பறைக் கன்னடத்தில், ஊற்றச் சொன்னது தான்தான் என்றும், மேரியை அனுப்பினால் தானும் அதே நிமிஷம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடப்போவதாகவும் சொன்னாள். மேரி, நோயாளிகளின் வயிற்றில் ஈரமண் பட்டி போடும் பகுதிக்கு மாற்றப்பட்டாள்.

பிறகு நான் காகிதம் எடுத்துப் புகாரை ஆரம்பித்தேன். எந்த விதி, எந்தப் பிரிவு, யார் யாருக்கு நகல் எல்லாம் மனசில் தயாராக இருந்தன.

"புகார் வேணாம்ணே" என்றாள் தனம்.

"பின்ன என்ன எழுதறது? நன்றிக் கடிதமா?"

"இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து என்னப் பாக்கணும். அதுக்குத்தானே வந்தேன். அவரு காலு, இவங்க மூட்டு, நடுவுல நான் எங்கண்ணே இருக்கேன்? அத எழுதுங்க."

எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகக் குட்டையான மனு அதுதான். நிர்வாகி வாங்கிப் படித்துவிட்டு, இதைக் குழு கூடித்தான் முடிவு செய்ய முடியும், தபாலில் பதில் வரும் என்றார்.

அதற்குப் பிறகு அங்கே இருக்க எனக்கு மனம் இல்லை. தனத்தை அக்ரஹாரத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கென்று வந்தவன் மாதக்கணக்கில் தங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டோவில் நஞ்சப்பாவிடம் கட்டு மாற்றப் போவோம். அந்தத் தெருவில் ஸ்கூட்டர்களும் பசுக்களும் ஒரே மரியாதையோடு நடத்தப்பட்டன; ஆட்டோ கடைசி. தேவராஜ மார்க்கெட்டில் காய் வாங்கப் பழகினேன். அங்கே கீரைக்காரம்மாவிடம் நான் கன்னடத்தில் விலை கேட்பேன், அவர் இரக்கப்பட்டுத் தமிழில் பதில் சொல்வார். திருச்சியில் நான் சமையலறைக்குள் போனதில்லை. இங்கே ரசம் வைத்தேன். தனம் அதைக் குடித்துவிட்டு, பூசணிச்சாறே தேவலை என்றாள்.

மூன்றாம் வாரம் சுண்டுவிரல் கறுத்தது. நஞ்சப்பா தன் நண்பரான ஒரு அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைப் பற்றி இன்னும் பதினைந்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் தனம், "பத்துல ஒண்ணு போனா?" என்று கேட்டாள். நான் அவள் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தேன். "டீச்சரு கேட்டா பதில் சொல்லணும்" என்றாள்.

அந்த மாலைதான் ரேவதி வந்தார். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். நான் யோக்கியனாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. "வாங்க மேடம். சுடுதண்ணி அடுப்புலதான் இருக்கு" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் உள்ளே வந்து, தனத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டார்.

தனம் சொன்ன பதில் எனக்கே புதிது. கணவர் போனதிலிருந்து ஒரு ராத்திரிகூடச் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கியதில்லையாம். எழுந்து உட்கார்ந்து விடியும்வரை ரேடியோவின் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பாளாம். பசிப்பதுபோல இருக்குமாம், பிஸ்கட் தின்பாளாம். இரண்டு வருஷத்தில் எனக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாள்; ஒன்றிலும் இது இல்லை. சர்க்கரை ஏன் அடங்கவில்லை என்று பக்கம் பக்கமாக மருந்து எழுதியவர்கள் யாரும் ராத்திரி என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை.

ரேவதி அன்றாடம் வந்தார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். உப்பில்லாத வைபவமெல்லாம் வேண்டாம் என்று தானே சொல்லி, கேழ்வரகுக் களிக்கு அளவு வைத்து, கீரையும் பருப்புமாக ஒரு சாப்பாட்டை ஏற்படுத்தினார். பிஸ்கட் டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். பத்து நாளில் தனம் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். சாப்பாடு மாறினால் இன்சுலினும் மாற வேண்டும், அதைத் தான் செய்யக் கூடாது என்று சொல்லி, ரேவதியே நஞ்சப்பாவிடம் போனார். எப்படிப் போனார் என்று கேட்டேன். "கல் மேலதான், நடந்து" என்றார் தமிழில். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெந்நீரைப் பற்றி நான் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பாவும் வீட்டுக்கு வந்தார். முன்னறையில், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். பார்த்ததும் சண்டை ஆரம்பித்தது. புண்ணுக்குத் தேன் தடவலாம் என்றார் ரேவதி. சமையலறைப் பொருளெல்லாம் தன் கட்டுக்குள் வரக் கூடாது என்றார் நஞ்சப்பா. வலி மாத்திரை எதற்கு, வலியே இல்லாதவருக்கு என்றார் ரேவதி. நஞ்சப்பா கொஞ்சம் யோசித்து, மருந்துச் சீட்டிலிருந்து அதை அடித்துவிட்டார். தேனை விட்டுவிடுகிறேன், ஆனால் பகலில் கால் தொங்காமல் இருக்க வேண்டும், முழங்காலுக்கு நான் சொல்லும் அசைவு தொடர வேண்டும் என்றார் ரேவதி. அதற்கு நஞ்சப்பா சம்மதித்தார். நடுவில் தனம் இரண்டு பேரையும் பார்த்துத் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் என்னையும் கேளுங்க" என்றாள். கேட்டார்கள். கால் உள்ளுக்குள் லேசாகக் குறுகுறுப்பதாகச் சொன்னாள்.

நஞ்சப்பா பையிலிருந்து பஞ்சை எடுத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கணுக்காலில் தொட்டார். தெரியவில்லை என்றாள். கொஞ்சம் மேலே தொட்டார். "இப்ப" என்றாள். அந்த இடத்தை ரேவதி தன் விரலால் அடையாளம் வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே இனி எந்தச் சூடும் படக் கூடாது, செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளேயும் நடக்கக் கூடாது, ராத்திரி படுக்கும்முன் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து, ஒரே வாக்கியத்தைப் பாதிப் பாதியாகச் சொன்னார்கள்.

அந்த மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் வெளியே போய் வைத்தியம் செய்யக் கூடாது என்று நிச்சயம் ஒரு விதி இருந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை. காபி போட்டேன். நஞ்சப்பா குடித்தார். ரேவதிக்கு மோர்.

இப்படி ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள். பாதம் தங்கும் என்று ஆவணியில் ஒரு நாள் நஞ்சப்பா சொன்னார். சொல்லிவிட்டு ரேவதியைப் பார்த்தார், அவரும் ஆமோதிக்க வேண்டும் என்பதுபோல. நான் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் தனம், பஞ்சு வைத்துத் தைத்த செருப்போடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு கோவில் மூலை வரை போய்த் திரும்பினாள். தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கீழே பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். தரை தெரியாத காலைக் கண்ணால்தான் நடத்த வேண்டும்.

பிறகு ஒரு நாள், அவள் தானாகவே வாசலுக்குப் போய்த் தபாலை வாங்கிக்கொண்டு வந்தாள். மருத்துவமனையின் உறை. நின்றபடியே பிரித்துப் படித்தாள். என்னிடம் நீட்டினாள்.

எங்கள் மனு குழுவின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டதாம். இரு பிரிவு மருத்துவர்களும் ஒரே நேரத்தில் ஒரே நோயாளியைப் பார்க்கும் வழக்கம் இல்லையாம். ஆகவே தங்களுக்கு விருப்பமான பிரிவு எது என்று தெரிவித்தால், அந்தப் பிரிவின் மருத்துவரைச் சந்திக்க மகிழ்ச்சியுடன் ஏற்பாடு செய்து தரப்படுமாம்.

கடிதத்தின் தலையில் போட்டிருந்தது ஜூலை மாதத் தேதி. அது எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது புரட்டாசி முதல் சனிக்கிழமை.